மாவள் காலாட்களும் பீமா நதிக் குதிரைகளும்: சிவாஜியின் தரைப்படை

சிவாஜியின் தரைப்படை, புனேக்கு மேற்கே மலைச்சரிவுகளில் நெல்லும் கேழ்வரகும் பயிரிட்டு வாழ்ந்த உழவர்களைக் கொண்டு 1640களில் உருவாகத் தொடங்கியது. முப்பது ஆண்டுகளுக்குள் அது பீஜாப்பூர் சுல்தானின் படைகளையும் முகலாயப் படைகளையும் களத்தில் சந்தித்து மீண்டது. அதன் பலத்தில்தான் 1674 ஜூன் 6 அன்று ராய்கட் கோட்டையில் சிவாஜி எந்தப் பேரரசரின் அனுமதியையும் கேட்காமல் தம்மை அரசர் என்று அறிவித்து முடிசூட்டிக்கொண்டார். இந்தப் படையைப் பற்றிப் பேசும்போது வீரச்செயல்களே முன்னால் வந்து நிற்கின்றன. அந்த வீரத்தை ஆண்டுதோறும் தவறாமல் களத்துக்குக் கொண்டுவந்தவை சம்பளப் பதிவேடு, படிநிலை, கோட்டை நிர்வாகம், குடியானவன் பொருளைத் தொடக்கூடாது என்ற கண்டிப்பு ஆகியவை. அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் படையைப் புரிந்துகொள்ள முடியாது.

புனேயும் அதன் அருகிலுள்ள சுபேயும் சிவாஜியின் போன்ஸ்லே குடும்பத்துக்கு ஜாகீராக, அதாவது படைப்பணிக்காக வருவாய் விடப்பட்ட நிலப்பகுதியாக, இருந்தன. சிவாஜியின் தந்தை ஷாஜி முதலில் அகமதுநகர் அரசிலும் பின்னர் பீஜாப்பூர் அரசிலும் படைத்தலைவர். 1630ஐ ஒட்டி பீஜாப்பூர் தளபதி முராரி ஜக்தேவ் புனேயைக் கொளுத்தி, ஊரைக் கழுதை பூட்டிய ஏரால் உழவைத்தார். இனி இங்கு யாரும் குடியேறக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. அதே ஆண்டுகளில் தக்காணத்தைக் கடும் பஞ்சமும் தாக்கியது. சிவாஜி 1630 பிப்ரவரி 19 அன்று ஜுன்னருக்கு அருகே சிவ்நேரி கோட்டையில் பிறந்தார்; அந்த ஆண்டுகளில் அவருக்கு வந்து சேரவிருந்த ஜாகீர், ஆளற்றுப்போன ஊர்களும் காடேறிய வயல்களுமாகக் கிடந்தது.

ஊரைத் திரும்ப எழுப்பும் பொறுப்பு, ஷாஜியின் நிர்வாகி தாதோஜி கொண்டதேவிடம் இருந்தது. நிலம் அளந்து சீர்படுத்தப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் வரி குறைத்து வாங்கப்பட்டது. பயிரையும் ஆடுமாடுகளையும் அழித்துவந்த ஓநாய்களைக் கொல்பவர்களுக்குப் பரிசு கொடுக்கப்பட்டது என்றும் பழைய குறிப்புகள் கூறுகின்றன. தாய் ஜீஜாபாயும் சிறுவன் சிவாஜியும் தங்குவதற்காகப் புனேயில் லால் மஹால் கட்டப்பட்டது. படை திரட்டுவதற்கு முன்பே குடிகளைத் திரட்ட வேண்டியிருந்தது என்பது இந்த வரலாற்றில் முக்கியமான செய்தி. பின்னாளில் சிவாஜி தம் படைக்குப் போட்ட விதிகளில் விளைநிலத்தைப் பற்றிய கவலை அவ்வளவு ஆழமாக இருப்பதற்கு, பாழான ஊர் ஒன்று மறுபடி தளிர்த்ததை அவர் கண்ணெதிரே பார்த்து வளர்ந்ததும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

புனேக்கு மேற்கே சஹ்யாத்ரி மலைத்தொடரிலிருந்து கிழக்கு நோக்கி இறங்கும் ஆறுகள் பல பள்ளத்தாக்குகளை வெட்டியிருக்கின்றன. அந்தப் பகுதிக்கு மாவள் என்று பெயர். பவன மாவள், ஹிர்தஸ் மாவள், குஞ்சன் மாவள், மோசே கோரே, ரோஹித் கோரே, முட்டே கோரே என்று பன்னிரண்டு பள்ளத்தாக்குகளாக அவை கணக்கிடப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஒரு தேஷ்முக் குடும்பம் பரம்பரையாக வரி வசூலித்து, ஆள்கட்டும் வைத்திருந்தது. காரி கிராமத்து ஜேதே, மோசே பள்ளத்தாக்கின் பாசல்கர், ஹிர்தஸ் மாவளின் பாந்தல் ஆகியவை அவற்றுள் பெயர்பெற்றவை. இந்தக் குடும்பங்கள் எல்லைத் தகராறிலும் பட்டத் தகராறிலும் தங்களுக்குள் ஓயாமல் வெட்டிக்கொண்டிருந்தன. சிவாஜி சிலரை நட்பால் சேர்த்தார், சிலரை மிரட்டி அடக்கினார், பணியாதவர்களை ஒழித்தார். 1656இல் ஜாவளியின் மோரே குடும்பத்தை வீழ்த்தியது இந்த வரிசையில் மிகக் கடுமையான நடவடிக்கை. அதன் மூலம் கொங்கணக் கடற்கரைக்கு இறங்கும் கணவாய்கள் அவர் கைக்கு வந்தன. பின்னாளில் தலைநகராகிய ராய்கட்டும் அப்போதுதான் கிடைத்தது.

மாவள் மக்களுக்கு மழைக்காலத்தில் வயல் வேலை. அறுவடை முடிந்தால் வேறு வேலை இல்லை. செங்குத்துப் பாறையில் ஏறுவது அவர்களுக்கு அன்றாடப் பழக்கம். ஒரு கம்பளியும் வாளும் கேடயமும் ஒரு முடிச்சு உணவும் இருந்தால் நாள்கணக்கில் காட்டில் நகர்வார்கள். படையின் காலாட்பிரிவு இவர்களைக் கொண்டே அமைந்தது. பின்னர் கொங்கணத்திலிருந்து ஹேட்கரிகள் வந்து சேர்ந்தார்கள். துப்பாக்கி சுடுவதில் அவர்களுக்குப் பெயர் உண்டு. குன்பிகள், கோலிகள், ராமோஷிகள், மஹார்கள், பண்டாரிகள் எனப் பல சமூகத்தினரும் இந்தப் படையில் இருந்தார்கள். காலாட்படையின் தொடக்ககாலச் சர்னோபத், அதாவது தலைமைத் தளபதி, நூர் பேக் என்னும் முஸ்லிம். பீஜாப்பூர்ப் பணியை விட்டு வேலை தேடி வந்த சுமார் 700 பட்டாணியரைச் சேர்த்துக்கொள்ளலாமா என்ற கேள்வி எழுந்தபோது, சேர்த்துக்கொள்வதே நல்லது என்று கோமாஜி நாயக் பான்சம்பள் சொன்ன யோசனையைச் சிவாஜி ஏற்றார் என்றும் ஒரு பழைய செய்தி உண்டு.

முதலில் கைக்கு வந்த கோட்டை தோரணா. 1646ஐ ஒட்டி, பீஜாப்பூர் சுல்தான் நோயுற்றிருந்த சமயத்தில் அது பிடிபட்டது. அதற்கு எதிரே இருந்த மலையில் ராஜ்கட் கட்டப்பட்டது. நடுவே உயர்ந்து நிற்கும் உள்கோட்டையும், அதிலிருந்து மூன்று பக்கமும் நீளும் பத்மாவதி, சுவேளா, சஞ்சீவனி என்ற அரண்களுமாக அமைந்த ராஜ்கட் ஏறத்தாழ கால் நூற்றாண்டு தலைநகராக இருந்தது. கொண்டாணா, புரந்தர் ஆகியவையும் அடுத்தடுத்து வசமாயின. தோரணாவும் ராஜ்கட்டும் கொண்டாணாவும் ஒரே மலைத்தொகுதியில் இருப்பவை. ஒன்றிலிருந்து பார்த்தால் இன்னொன்று தெரியும். ஒரு கோட்டைக்கு ஆபத்து வந்தால் மற்றக் கோட்டைகளுக்குச் செய்தி எட்டுவதற்குத் தூதன் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

1659இல் இந்தப் படை முதல் பெரிய சோதனையைச் சந்தித்தது. பீஜாப்பூரிலிருந்து அப்சல் கான் பெரும்படையுடன் வந்தார். சிவாஜியை விட்டு விலகி கானுடன் சேரும்படி மாவள் தேஷ்முக்குகளுக்குச் சுல்தானின் ஆணை போயிற்று. சிலர் போய்ச் சேரவும் செய்தார்கள். கான்ஹோஜி ஜேதே தமக்கு வந்த ஆணையை எடுத்துக்கொண்டு ஐந்து மகன்களோடு ராஜ்கட்டுக்கு வந்து, தம் பரம்பரை உரிமையே போனாலும் போகட்டும் என்று தண்ணீர் தாரை வார்த்துச் சத்தியம் செய்தார். மற்ற மாவள் குடும்பங்களையும் அவரே பேசி இழுத்து நிறுத்தினார். நவம்பர் 10 அன்று பிரதாப்கட் அடிவாரத்தில் அப்சல் கான் கொல்லப்பட்டதை எல்லோரும் அறிவார்கள். அதற்கு அடுத்த சில மணி நேரத்தில் நடந்தது படை வரலாற்றுக்கு அதைவிட முக்கியம். ஜாவளிக் காட்டில் மறைந்திருந்த காலாட்படையும், நேதாஜி பால்கரின் குதிரைப்படையும் தலைவனை இழந்த முகாமின்மேல் ஒரே நேரத்தில் பாய்ந்தன. 65 யானைகளும் 4,000 குதிரைகளும் 1,200 ஒட்டகங்களும் சிக்கியதாகச் சிவாஜியின் வரலாற்றை எழுதிய சபாசத் கூறுகிறார். மலைக் காலாட்களின் கூட்டமாக இருந்தது அன்றிலிருந்து வலுவான குதிரைப்படையும் கொண்ட அரசுப் படையாக மாறியது. பதினெட்டு நாள் கழித்து, அங்கிருந்து வெகு தெற்கே இருக்கும் பன்ஹாளா கோட்டையும் விழுந்தது.

இந்தப் படையின் அமைப்பைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிக விரிவான பழைய விவரம் கிருஷ்ணாஜி அனந்த் சபாசத் எழுதிய வரலாற்றில் இருக்கிறது. சிவாஜியிடம் பணியாற்றிய அவர், அதை 1690களில் சிவாஜியின் இளைய மகன் ராஜாராமின் விருப்பப்படி தமிழ்நாட்டின் செஞ்சியில் இருந்துகொண்டு எழுதினார். முகலாயர்கள் மராத்தா நாட்டைப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. அரசரும் அரசவையும் செஞ்சிக் கோட்டையில் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். அப்படிப்பட்ட நெருக்கடியில், படை எப்படி நடந்தது என்பதை ஒரு மூத்த அதிகாரி நினைவிலிருந்து பதிவு செய்து வைத்தது நல்வாய்ப்பு.

காலாட்படையில் பத்துப் பேர் கொண்ட சிறு குழுவுக்கு ஒரு நாயக். ஐந்து நாயக்குகளுக்கு மேல் ஒரு ஹவால்தார். இரண்டு அல்லது மூன்று ஹவால்தார்களுக்கு ஒரு ஜும்லேதார். பத்து ஜும்லேதார்களுக்கு மேல் ஒரு ஹசாரி. ஏழு ஹசாரிகளுக்கு மேல் சர்னோபத். ஜும்லேதாருக்கு ஆண்டுச் சம்பளம் 100 ஹோன், ஹசாரிக்கு 500 ஹோன். ஹோன் என்பது தமிழ்நாட்டில் வராகன் என்று வழங்கிய அதே பொற்காசு. ஜும்லேதாரில் தொடங்கி மேலே ஒவ்வொரு தலைவனோடும் கணக்கெழுதும் ஒரு சப்னீஸ் உண்டு. ஆள் வருகை, சம்பளம், கைப்பற்றிய பொருள் எல்லாம் அவர் ஏட்டில் ஏறும். சண்டையிடும் தலைவன் ஒருவன், கணக்குக்குப் பொறுப்பானவர் வேறொருவர் என்ற இந்தப் பிரிவு, இல்லாத ஆளுக்குச் சம்பளம் எழுதும் மோசடியைத் தடுத்தது. அந்தக் காலத்து இந்தியப் படைகள் பலவற்றைப் பிடித்திருந்த நோய் அது.

குதிரைப்படையில் இரண்டு வகையினர் இருந்தார்கள். அரசு கொடுத்த குதிரையிலும் ஆயுதத்தோடும் சண்டையிட்டவர் பார்கீர். சொந்தக் குதிரையும் ஆயுதமும் கொண்டு வந்தவர் சிலேதார். பார்கீர்கள் அடங்கிய அரசுப் பிரிவுக்குப் பாகா என்று பெயர். இருபத்தைந்து பார்கீர்களுக்கு ஒரு ஹவால்தார். ஐந்து ஹவால்தார்களுக்கு ஒரு ஜும்லேதார். பத்து ஜும்லேதார்களுக்கு ஒரு ஹசாரி. அதற்கு மேல் ஐந்து ஹசாரிகளை நடத்தும் பஞ்ச ஹசாரி. எல்லோருக்கும் மேலே சர்னோபத். ஜும்லேதாருக்கு 500 ஹோனும் பல்லக்கும், ஹசாரிக்கு 1,000 ஹோன், பஞ்ச ஹசாரிக்கு 2,000 ஹோன் என்று சம்பளம் இருந்தது. காலாட்படையின் அதே பதவிகளோடு ஒப்பிட்டால் குதிரைப்படைக்குக் கிடைத்த மதிப்பு தெரியும். ஒவ்வொரு இருபத்தைந்து குதிரைக்கும் தோல்துருத்தியில் தண்ணீர் கொண்டுவரும் ஒருவரும் லாடம் அடிக்கும் ஒருவரும் நியமிக்கப்பட்டிருந்தார்கள். ஒரே நாளில் வெகுதூரம் ஓடும் படைக்கு லாடக்காரரைவிட அவசியமானவர் இல்லை என்பதை அறிந்தவர் போட்ட ஏற்பாடு அது.

குதிரைகளில் பெரும்பாலானவை தக்காணத்துச் சிறு குதிரைகள். புனே மாவட்டத்தின் ஊடாகப் பாயும் பீமா நதிக்கரையில் வளர்ந்த பீமத்தடி என்ற இனம் அதில் புகழ்பெற்றது. அரபுக் குதிரையின் உயரமோ கம்பீரமோ அதற்கு இல்லை. ஆனால் கிடைத்த புல்லைத் தின்று, கல்லும் கரடுமான பாதையில் சளைக்காமல் போகும். முகலாயக் குதிரைவீரன் கவசமும் கனமான சேணமுமாகச் சமவெளியில் நேருக்கு நேர் மோதப் பழகியவன். அவனுக்குப் பின்னால் யானை, பீரங்கி, கூடாரம், கடைத்தெரு, குடும்பம் என்று ஒரு நகரமே நகரும். மராத்தாக் குதிரைவீரன் ஈட்டியும் வாளும் தன் உணவும் தவிர வேறெதையும் சுமக்கவில்லை.

சிலேதார்களைச் சிவாஜி பாகாவின் கட்டுப்பாட்டுக்குள் வைத்தார். சொந்தக் குதிரை வைத்திருப்பவன் நினைத்தால் விலகிப்போகலாம், எதிரியோடு சேரலாம். அரசுக் குதிரையில் ஏறியவனுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே பாகாவை வளர்த்து, சிலேதார்கள் தனித்து நின்று கலகம் செய்ய முடியாதபடி செய்தார் என்று சபாசத் வெளிப்படையாகவே எழுதுகிறார். சிவாஜியின் ஆட்சி முடியும்போது பாகாவில் 45,000 பேர், சிலேதார்கள் 60,000 பேர், மாவள் காலாட்கள் ஒரு லட்சம் என்பது அவர் தரும் மொத்தக் கணக்கு.

சம்பளம் எப்படிக் கொடுக்கப்பட்டது என்பதில்தான் இந்தப் படை அக்காலத்து மற்றப் படைகளிலிருந்து விலகி நின்றது. சுல்தான்களின் அரசுகளிலும் முகலாய அரசிலும் தளபதிக்கு ஒரு நிலப்பகுதியின் வருவாயைக் கொடுத்து, அதிலிருந்து இத்தனை குதிரை வைத்துக்கொள் என்று சொல்வார்கள். தளபதி அந்தப் பகுதியில் குட்டி அரசனாகிவிடுவான். சிவாஜியே அப்படிப்பட்ட ஜாகீர் ஒன்றிலிருந்து எழுந்தவர். தம் தளபதி ஒருவரும் அதே வழியில் எழ அவர் இடம் கொடுக்கவில்லை. சம்பளம் ரொக்கமாகக் கருவூலத்திலிருந்து தரப்பட்டது. அல்லது குறிப்பிட்ட மாவட்டத்தின் வருவாயிலிருந்து பெற்றுக்கொள்ளும்படி உத்தரவுச் சீட்டு கொடுக்கப்பட்டது. வரி வசூலிப்பது அரசு அலுவலரின் வேலை. படையாள் அதில் தலையிட முடியாது. படைவீரனுக்குச் சொந்த நிலம் இருந்தால் மற்றக் குடியானவனைப் போலவே அதற்கும் வரி கணக்கிட்டுச் சம்பளத்தில் கழித்தார்கள். தேஷ்முக்குகள் மதில் சூழ்ந்த மாளிகை கட்டிக்கொள்ளவும் தடை இருந்தது.

புதிதாகச் சேர வருபவனுக்கு ஏற்கெனவே பணியில் இருப்பவர் பிணை நிற்க வேண்டும். போரில் இறந்தவனின் மகனுக்குப் பணி. மகன் இல்லையென்றால் மனைவிக்குப் பாதிச் சம்பளம். காயமுற்றவர்களுக்கு அதன் தன்மைக்கேற்ப 25 ஹோன் முதல் 200 ஹோன் வரை கொடுத்ததாகப் பிரதாப்கட் போரை ஒட்டிய குறிப்பு இருக்கிறது. எதிரி முற்றுகையிட்ட பன்ஹாளாவிலிருந்து தப்பிவந்த சிவாஜிக்கு வழிவிட, 1660 ஜூலையில் கோட்கிண்டி என்ற மலையிடுக்கில் பாஜி பிரபு தேஷ்பாண்டேயும் பாந்தல் ஆட்களும் நின்று மடிந்தார்கள். அவர்களைப் போன்றவர்கள் உயிரைக் கொடுக்க முன்வந்ததற்குத் தலைவன்மேல் கொண்ட அன்பு காரணம். தாங்கள் போனாலும் வீடு பட்டினி கிடக்காது என்ற நம்பிக்கையும் அதற்குத் துணை நின்றது.

ஆண்டின் நடைமுறை பருவத்தை ஒட்டியது. மழை நான்கு மாதமும் படை சொந்த நாட்டில் பாளையங்களில் தங்கும். குதிரைக்குத் தீவனமும் மருந்தும், ஆட்களுக்குக் கூரையும், தானியமும் முன்கூட்டியே சேர்த்து வைக்கப்பட்டிருக்கும். தசரா அன்று புறப்பாடு. புறப்படும்போது ஒவ்வொருவனிடமும் உள்ள பொருள் அனைத்தும் பட்டியலிடப்படும். எட்டு மாதம் எதிரி நாட்டில் உலவி, வைகாசி வாக்கில் திரும்பும்போது எல்லையிலேயே சோதனை நடக்கும். பட்டியலுக்கு மேல் இருப்பது சம்பளத்தில் கழிக்கப்படும். பெருமதிப்புள்ளவை கருவூலத்துக்குப் போகும். ஒளித்தவனுக்குத் தண்டனை.

பெண்களோ பணிப்பெண்களோ ஆடல் மகளிரோ படையுடன் வரக்கூடாது. அழைத்து வந்தவனுக்கு மரண தண்டனை. எதிரி நாட்டிலும் பெண்களையும் குழந்தைகளையும் பிடிக்கக்கூடாது. பசுவைத் தொடக்கூடாது, சுமைக்கு எருது மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இவை ஏட்டுச் சட்டங்கள்தானா என்று சந்தேகிப்பவர்களுக்குப் புதுச்சேரியிலிருந்து ஒரு சாட்சி இருக்கிறது. 1677இல் சிவாஜி தென்னாட்டுக்கு வந்தபோது அவர் முகாமைப் பற்றிய செய்திகளை பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா மார்த்தேன் தம் குறிப்பில் பதிந்திருக்கிறார். ஆடம்பரமும் பெண்களும் இல்லாத முகாம். முரட்டுத் துணியால் ஆன சிறிய கூடாரங்கள் இரண்டே இரண்டு, ஒன்று சிவாஜிக்கு, மற்றது அவருடைய பேஷ்வாவுக்கு, அதாவது முதலமைச்சருக்கு. குதிரைகள் அரசருக்குச் சொந்தம். இரண்டு வீரர்களுக்கு மூன்று குதிரை என்ற கணக்கு. அதனால்தான் அவ்வளவு வேகம் என்கிறார். குதிரைவீரனின் வழக்கமான சம்பளம் மாதம் இரண்டு வராகன் என்றும் எழுதுகிறார்.

முடிசூட்டு விழாவை ஒட்டிய ஆண்டுகளில், மழை தொடங்குமுன் சிப்ளூண் அருகே தங்கியிருந்த குதிரைப்படை அதிகாரிகளுக்குச் சிவாஜி அனுப்பிய கடிதம் ஒன்று எஞ்சியிருக்கிறது. தீவனத்தையும் தானியத்தையும் இப்போதே விருப்பம்போலச் செலவழித்தால் மழைக்காலத்தில் பட்டினிதான் மிஞ்சும், குதிரைகள் சாகும் என்று அது எச்சரிக்கிறது. பிறகு நீங்கள் குடியானவனிடம் போய் ஒருவர் தானியம், ஒருவர் ரொட்டி, ஒருவர் புல், ஒருவர் விறகு, ஒருவர் காய்கறி என்று பிடுங்குவீர்கள். இதைவிட முகலாயனே மேல் என்று அவன் நினைப்பான் என்கிறது. வைக்கோல் போருக்கு அருகே அடுப்பு மூட்டாதீர்கள், இரவில் விளக்கை எரியவிட்டுத் தூங்காதீர்கள், எலி திரியை இழுத்துப் போய் லாயத்தைக் கொளுத்திவிடும் என்று வரை போகிறது அந்தக் கடிதம். இந்தப் படையைப் பற்றி எஞ்சியுள்ள ஆவணங்களில் இதைவிட மேலானது ஒன்று இல்லை. போர்த்திறன் பல அரசர்களிடம் இருந்தது. தம் சிப்பாய் ஒரு கத்தரிக்காயைக்கூட உழவன் வீட்டிலிருந்து எடுக்கக்கூடாது என்று இவ்வளவு நுணுக்கமாகக் கவலைப்பட்டவர்கள் மிகச் சிலர்.

கோட்டைகள் இந்தப் படையின் முதுகெலும்பு. சிவாஜியின் கடைசிக் காலத்தில் அவை சுமார் 240 என்பது சபாசத் கணக்கு. ஒவ்வொன்றிலும் ஒரே தகுதியுள்ள மூன்று அதிகாரிகள் இருந்தார்கள்: காவலுக்கும் சாவிக்கும் பொறுப்பான ஹவால்தார், ஆட்களை நடத்தும் சர்னோபத், கணக்குப் பார்க்கும் சப்னீஸ். தானியமும் வெடிமருந்தும் மற்றப் பொருள்களும் கார்கானீஸ் பொறுப்பு. ஹவால்தாரும் சர்னோபத்தும் மராத்தர், சப்னீஸ் பிராமணர், கார்கானீஸ் பிரபு என்று வெவ்வேறு சாதியினர் வேண்டுமென்றே நியமிக்கப்பட்டார்கள். ஒருவர் விலைபோனாலும் மற்ற இருவர் சேராமல் கோட்டையை ஒப்படைக்க முடியாது. மதிலின் நீளத்தைப் பொறுத்து ஐந்து முதல் எட்டு வரை துணைக் காவல் தலைவர்கள் சுற்றுக்காவலைப் பார்த்தார்கள். மலையடிவாரத்தில் ராமோஷி, மஹார், கோலி குடும்பங்கள் நிலம் பெற்றுக் குடியிருந்து, காட்டுவழிகளைக் காத்தார்கள். அன்னியர் நடமாட்டம் முதலில் அவர்கள் கண்ணில்தான் படும்.

இந்த அறிவு முழுவதையும் ராமச்சந்திர பந்த் அமாத்யர் எழுதியதாகக் கருதப்படும் ஆக்ஞாபத்திரம் என்ற அரசியல் நூல் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுத்துவைத்தது. கோட்டை கட்டுமுன் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் பாறையை வெட்டிக் குளம் அமைக்க வேண்டும். ஒரே ஊற்றை நம்பக்கூடாது, போரில் பீரங்கி அதிர்ச்சியால் ஊற்று வற்றும். ஒரே வாசல் வைக்கக்கூடாது. தப்பிப்போக மறைவழி வேண்டும். அருகே உயரமான குன்று இருந்தால் அதையும் அரணுக்குள் கொண்டுவர வேண்டும். இவை அந்நூலின் அறிவுரைகள்.

மலையிடுக்கில் பதுங்கித் தாக்கும் முறையைக் கனிமி காவா என்பார்கள். 1661 பிப்ரவரியில் லோணாவளாவுக்கு அருகே உம்பர்கிண்டி இறக்கத்தில் முகலாயத் தளபதி கார்தலப் கானின் படை முழுதும் இரண்டு பக்கமும் வழி அடைபட்டுச் சரணடைந்தது. புனேயையே பிடித்து லால் மஹாலில் குடியிருந்த முகலாயத் தளபதி ஷாயிஸ்தா கானை 1663 ஏப்ரல் 5 இரவில் சிவாஜி சில நூறு பேருடன் உள்ளே புகுந்து தாக்கினார். கான் விரல்களை இழந்து உயிர் பிழைத்தார். வெற்றிகள் மட்டுமே இந்தப் படையின் வரலாறு என்று எண்ணக்கூடாது. 1665இல் முகலாயத் தளபதி ஜெய்சிங் புரந்தரை முற்றுகையிட்டு, சுற்றிலுமிருந்த ஊர்களைக் கொளுத்தினார். கோட்டையைக் காத்த முரார்பாஜி தேஷ்பாண்டே களத்தில் விழுந்தார். பீரங்கியும் பணமும் பொறுமையும் உள்ள எதிரியை இந்தப் படையால் அப்போது தாங்க முடியவில்லை. ஜூனில் நடந்த உடன்படிக்கையில் 23 கோட்டைகளை விட்டுக்கொடுத்து 12ஐ மட்டும் சிவாஜி வைத்துக்கொண்டார்.

இழந்தவற்றை மீட்டது 1670இல். பிப்ரவரி 4 இரவு தானாஜி மாலுசரே கொண்டாணாவின் செங்குத்துப் பாறையில் ஆட்களுடன் ஏறி, தாம் இறந்து, கோட்டையை வென்று கொடுத்தார். இன்று சிம்மகட் என்று புனே மக்கள் ஏறிச்செல்லும் கோட்டை அதுதான். 1672இல் சால்ஹேரில் பேஷ்வா மோரோபந்த் பிங்களேயின் காலாட்படையும் பிரதாப்ராவ் குஜரின் குதிரைப்படையும் இணைந்து முகலாயரைத் திறந்த வெளியில் வென்றன. காட்டில் மறைந்து அடிக்க மட்டுமே தெரிந்தவர்கள் என்ற பேச்சு அத்துடன் முடிந்தது. அதே பிரதாப்ராவ், பிடிபட்ட பீஜாப்பூர்த் தளபதி பஹ்லோல் கானை விட்டுவிட்டதற்காக அரசரின் கோபத்துக்கு ஆளாகி, 1674 பிப்ரவரியில் நேசரியில் ஆறே குதிரைவீரர்களுடன் எதிரிப் படைமேல் பாய்ந்து இறந்தார். ஹம்பீர்ராவ் மோஹிதே புதிய சர்னோபத் ஆனார். மூன்றரை மாதத்தில் முடிசூட்டு விழா.

காசியிலிருந்து வந்த காகா பட்டர் சடங்குகளை நடத்தினார். பம்பாயிலிருந்து வந்த ஆங்கிலத் தூதர் ஹென்றி ஆக்சிண்டன் அரசவையில் வணங்கிப் பரிசளித்தார். அன்றிலிருந்து புதிய சகாப்தம் எண்ணப்பட்டது. அதற்குமுன் சட்டத்தின் பார்வையில் சிவாஜி ஒரு ஜாகீர்தாரின் மகன். அவருடைய படை கலகக்காரர்களின் படை. இனி அது ஓர் அரசின் படை.

அந்தப் படை 1677இல் தமிழ்நாட்டுக்கு வந்தது. கோல்கொண்டா சுல்தானோடு உடன்பாடு செய்துகொண்டு, அவர் தந்த பணத்தோடும் பீரங்கிகளோடும் சிவாஜி காஞ்சிபுரம் வழியாக இறங்கினார். செஞ்சி சண்டையின்றியே வசமாயிற்று. திருவதிகை அருகே பீஜாப்பூர் ஆளுநர் ஷேர் கான் லோதி தோற்று ஓடினார். கொள்ளிடக் கரையில் திருமழபாடியில் தஞ்சை மன்னராகிய தம்பி ஏகோஜியைச் சிவாஜி சந்தித்தார். வேலூர்க் கோட்டை மட்டும் ஓராண்டுக்கு மேல் தாக்குப்பிடித்தது. அதற்கு எதிரே இருந்த குன்றுகளில் சாஜ்ரா, கோஜ்ரா என்ற அரண்களைக் கட்டி 1678இல்தான் பிடித்தார்கள். அகழி சூழ்ந்த சமவெளிக் கோட்டையை உடைக்கப் போதிய பீரங்கி இல்லாதது இந்தப் படையின் தீராத குறை. செஞ்சியை அவர்கள் மலைக்கோட்டை அனுபவம் முழுவதையும் கொட்டிப் பலப்படுத்தினார்கள். சிவாஜி 1680இல் இறந்த பிறகு, முகலாயப் பேரரசர் அவுரங்கசீப் தக்காணம் முழுவதையும் விழுங்க வந்தபோது, அந்தச் செஞ்சிதான் ராஜாராமுக்குப் புகலிடமாகி 1698 ஜனவரி வரை தாங்கி நின்றது.

அந்த நெருக்கடியிலேயே பழைய அமைப்பு குலைந்தது. கருவூலம் காலியாக இருந்தது; ரொக்கச் சம்பளம் கொடுக்க வழியில்லை. முகலாயரிடமிருந்து மீட்கும் நிலத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம் என்று ராஜாராமின் அரசு தளபதிகளுக்கு வாக்குக் கொடுக்க நேர்ந்தது. அந்தச் சலுகை அவுரங்கசீப்பை எதிர்த்த போரை வெல்லவைத்தது. ஆனால் சிவாஜி மூடிய கதவு திறந்துவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் சரஞ்சாம் என்ற பெயரில் நிலமானியம் நிலைத்தது. பேஷ்வாக்கள் புனேயைத் தலைமையிடமாகக் கொண்டு ஆண்டபோது ஹோல்கர், சிந்தியா, கெய்க்வாட், போன்ஸ்லே என்று தளபதிகள் தனித்தனி அரசர்களாகிவிட்டார்கள். 1761இல் போர் நடந்த பானிபட்டுக்கு மராத்தப் படை போனபோது, பெண்களும் யாத்திரிகர்களும் கடைத்தெருவும் அதன் பின்னால் போயின. முகலாயப் படையில் சிவாஜி எதை எதிரியின் பலவீனமாகக் கண்டாரோ, அது மராத்தப் படையின் பலவீனமாகிவிட்டது. 1817 நவம்பர் 5 அன்று புனேயை அடுத்த கட்கியில் ஆங்கிலேயரிடம் தோற்ற பேஷ்வாவின் படைக்கும், ராஜ்கட்டில் ஏடு பார்த்துச் சம்பளம் வாங்கிய படைக்கும் பெயர் தவிரப் பொதுவானது அதிகம் இல்லை.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தர்களின் ராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் கோட்டைகள் 12ஐ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சிவ்நேரி, லோஹகட், ராஜ்கட், ராய்கட், பிரதாப்கட், பன்ஹாளா, சால்ஹேர் உட்பட 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. பன்னிரண்டாவது தமிழ்நாட்டின் செஞ்சி.